கடல்காற்று வரும் வேளை

கோடைப் பகலில் திருவல்லிக்கேணியில் நான் மணி பார்ப்பதில்லை. எதிர் மேன்ஷனின் மொட்டை மாடியில் கொடி நிறைய லுங்கிகள் காயும், அவற்றைத்தான் பார்ப்பேன். காலையிலிருந்து எல்லாம் கிழக்கு நோக்கியே படபடத்துக்கொண்டிருக்கும். காய்ந்த நிலமெல்லாம் தாண்டி வருகிற மேல்காற்று அது, முகத்தில் அனலாக அடிக்கும். நடுப்பகலுக்குப் பிறகு ஒரு நேரம் லுங்கிகள் அப்படியே துவண்டு தொங்கிவிடும். தெருவில் ஒரு இலை அசையாது. புழுக்கம் கழுத்தைப் பிடிக்கும். அப்போது ஓரத்து லுங்கி ஒன்று மெல்ல மேற்கே சாயும். பிறகு பக்கத்தில் இருப்பது. கொஞ்ச நேரத்தில் கொடியே திரும்பிக்கொள்ளும்.

வந்துவிட்டது.

வெயிலில் நிலம் சீக்கிரம் சூடேறும், கடல் நிதானமாகத்தான் ஏறும். நிலத்தின் மேலிருக்கும் காற்று சூடாகி மேலே எழும்ப, அந்த இடத்துக்குக் கடலின் குளிர்ந்த காற்று வருகிறது. மேல்காற்று ஓங்கி வீசும் மே மாத நாள்களில் அதற்கு ஊருக்குள் நுழைய வழி கிடைப்பதில்லை. பிற்பகல் வரை, சில நாள் பொழுது சாயும் வரைகூட, அலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். அது தாமதிக்கத் தாமதிக்க வெப்பம் ஏறும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. அன்று இந்த ஊரில் இருந்தவர்களுக்குக் கடல்காற்றின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்களைத் தொட்ட பிறகுதான் அது மீனம்பாக்கம் பக்கம் போகும். அங்கே இருக்கும் தங்கை ஃபோன் செய்வாள். “அக்கா, உங்க பக்கம் வந்துடுச்சா?”

“இப்பதான் வந்துச்சு. ஜன்னலைத் திறந்து வை.”

இதற்காகவே பேசிக்கொள்ளும் வழக்கம் எங்களுக்குள் எப்படி வந்ததென்று தெரியவில்லை. அவளுடைய குரலில் அந்த நேரத்தில் ஒரு சின்னப்பிள்ளைத்தனம் வந்துவிடும். அதைக் கேட்கவே எனக்குப் பிடிக்கும்.

எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி. ஒருநாள் துணி கொடுக்கப் போயிருந்தேன். கரி சரியாகப் பிடிக்காமல் அந்தப் பெரியவர் விசிறிக்கொண்டே இருந்தார், கை ஓய்ந்துபோயிருந்தது. திடீரென்று விசிறியைக் கீழே வைத்தார். தேய்த்து அடுக்கியிருந்த வெள்ளைச் சட்டைகளை எடுத்து வண்டிக்கு அடியில் பத்திரப்படுத்தினார். பிறகு பெட்டியின் மூடியைத் திறந்து கிழக்கு பார்க்க வைத்தார். எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு நொடி கழித்துத்தான் என் பிடரியில் குளிர்ச்சி பட்டது. கரி மேல் படிந்திருந்த சாம்பல் பறந்தது, அடியில் சிவப்பு துலங்கியது.

“காத்து வந்துடுச்சும்மா, இனி தானா புடிச்சுக்கும்” என்று தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாளெல்லாம் நெருப்பின் பக்கத்தில் நிற்கிறவர் எனக்கு முன்னாலேயே அதை உணர்ந்துவிட்டார். அன்றைக்கு முழுக்க எனக்கு அதே நினைப்பாக இருந்தது. குளிர்ச்சி எனக்கு வந்தது, அவருக்குக் குளிர்ச்சியும் நெருப்பும் சேர்ந்தே வந்தன.

கண்ணாடியும் ஏசியுமாக அடைத்துக்கொண்ட வீடுகளுக்கு இந்தக் காற்று வந்துபோவதே தெரிவதில்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கடலை இத்தனை பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன் மூச்சு படாமல் ஒரு கோடையைக் கடத்திவிடுகிறோம். என் அறைக்கும் மகன் ஏசி மாட்டிக் கொடுத்திருக்கிறான். அக்னி நட்சத்திர இரவுகளில் அது இல்லாமல் தூங்க முடியாது, வேண்டாமென்று சொல்லவில்லை. பகலில் மட்டும் கிழக்கு ஜன்னலைச் சாத்த விடுவதில்லை.

விடுமுறை நாளில் அவன் எட்டிப்பார்த்து, “ஏம்மா இப்படி வேகறே?” என்பான்.

“மூணு மணி வரைக்கும் பாப்போம்டா” என்று ஜன்னலோரம் அவனுக்கும் ஒரு பாயை விரித்துவிடுவேன்.