தெருநாயும் தெருவில் நடப்பவரும்

2025 ஆகஸ்ட் 11 அன்று, டெல்லி தலைநகர்ப் பகுதியின் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கும்படி உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது. பதினோரு நாளிலேயே மூவர் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. வெறி பிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது என்றும் சொன்னது. இந்த இரண்டு உத்தரவுகளுக்கும் இடையில் கிடக்கும் அறச்சிக்கல் டெல்லிக்கு மட்டும் உரியதல்ல.

நாய்க்கடி எல்லோருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. காரில் வந்து வாசலில் இறங்குகிறவரை நாய் துரத்துவது அரிது. விடியுமுன் குப்பை அள்ள வரும் தூய்மைப் பணியாளர், இரவுப்பணி முடிந்து பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வரும் பெண், விளையாடத் தெருவை விட்டால் வேறிடமில்லாத குழந்தை ஆகியோரே அதிகம் அகப்படுகிறார்கள். ரேபிஸ் அறிகுறி தென்பட்டபின் பிழைப்பது அநேகமாக இல்லை. உலகின் ரேபிஸ் மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் நிகழ்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இறப்பவர்களில் பலர் 15 வயதை எட்டாதவர்கள். இதைத் தெரிந்துகொண்டும் ‘நாயும் ஓர் உயிர்தானே’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது, நம் கருணைக்கான விலையை ஊரார் பிள்ளையைக் கொடுக்கச் சொல்வதாகும்.

ஆனால் கொன்று தீர்க்கும் வழியைச் சென்னை ஏற்கெனவே பார்த்துவிட்டது. மாநகராட்சி பல பத்தாண்டுகளாக நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றது. அத்தனை கொடுமைக்குப் பின்னும் தெருக்களில் நாய் இருந்துகொண்டேதான் இருந்தது. கறிக்கடைக் கழிவும் வழியும் குப்பைத்தொட்டியும் இருக்கும்வரை, ஒரு கூட்டம் போன இடத்துக்கு இன்னொன்று வரும். ஊசி போட்ட நாய் போய்ப் போடாத நாய் வந்தால் ஆபத்து கூடத்தான் செய்யும். 1996இல்தான் மாநகராட்சி கருத்தடைக்கு மாறியது. அதை விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் 1960களிலிருந்தே வலியுறுத்தி வந்தது.

காப்பகம்? சென்னையில் மட்டும் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் இருப்பதாக 2024 கணக்கெடுப்பு சொல்கிறது. இத்தனையையும் அடைக்க இடமும் இல்லை, தீனிக்குப் பணமும் இல்லை. நெருக்கி அடைத்தால் நோயில் சாகும்.

மிஞ்சும் வழி தடுப்பூசி. நாய்களில் 70 சதவீதத்துக்கு அது போய்ச் சேர்ந்தால் ரேபிஸ் பரவும் சங்கிலி அறுந்துவிடும். கோவாவில் தெருத்தெருவாக வலையோடு போய், ஆண்டு தவறாமல் ஊசி போட்டார்கள். 2021இல் அந்த மாநிலத்தை ரேபிஸ் கட்டுக்குள் வந்த பகுதியாக அறிவிக்க முடிந்தது. அங்கே முடிந்தது மற்ற ஊர்களில் முடியாமல் போவதற்கு அரசுகளும் உள்ளாட்சிகளும்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். ஒரு வருடம் ஊசி போட்டு மறு வருடம் விட்டுவிட்டால், முதல் வருடத்துச் செலவும் வீண்.

கடித்துப் பழகிய நாயை மீண்டும் தெருவில் விடுவது ஜீவகாருண்யம் ஆகாது. அதைத் தனியே வைத்துக் காப்பதுதான் நாய்க்கும் நல்லது, தெருவுக்கும் நல்லது. தினமும் ஒரே இடத்தில் சோறு வைப்பவருக்கும் இதில் பங்குண்டு. எந்த நாய்க்கு இன்னும் கருத்தடை அடையாளமாகக் காது நுனி வெட்டப்படவில்லை, எது குட்டி போடப்போகிறது என்பதெல்லாம் மாநகராட்சியைவிட அவருக்குத்தான் தெரியும். வலையைக் கண்டால் ஓடும் நாய் அவர் குரலுக்கு வரும். நாய் பிடிக்கும் வண்டியை மறித்து நிற்கிற நேரத்தில், ஊசிக்கும் கருத்தடைக்கும் அதைப் பிடித்துக் கொடுக்க அவரால் முடியும்.