இறக்கிவிட ஆள் இல்லாதவர்

யோவான் நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் வரும் பெத்சதா குளத்தை நாம் அறிவோம். ஐந்து மண்டபங்கள், அவற்றில் திரளான நோயாளர்கள். 38 ஆண்டுகளாய் நோயுற்றுக் கிடந்த ஒருவர் இயேசு பெருமானிடம் முறையிட்டது நோயைப் பற்றி அன்று. தண்ணீர் கலங்கும் வேளையில் தம்மை இறக்கிவிட ஆள் இல்லை, தாம் போவதற்குள் வேறொருவர் இறங்கிவிடுகிறார் என்பதே அவரது குறை.

சென்ற மாதம் ஒரு மருத்துவமனையில் அமர்ந்திருந்தபோது அக்குளம் நம் நினைவுக்கு வந்தது. நாம் முந்தின நாளே கைப்பேசிச் செயலியில் பதிந்து, காலை 10 மணிக்கு முறை பெற்றிருந்தோம். முதல் பேருந்தில் வந்த மூதாட்டி ஒருவர் சீட்டு கேட்டு நின்றார். “ஆப்பிலே போட்டவங்களுக்குத்தான் இன்னிக்கு டோக்கன். வீட்டிலே பிள்ளைங்க யாரும் இல்லையா, பாட்டி?” என்றார் பணியாளர். கடுமையாகக் கேட்கவில்லை. “மகன் திருப்பூர்லே இருக்கான், தம்பி” என்ற பாட்டியின் கையில் இருந்தது பழைய பொத்தான் கைப்பேசி.

செயலியைப் பழிப்பது நம் நோக்கமன்று. அரசு மருத்துவமனைகளுக்கான இணையவழிப் பதிவை நடுவண் அரசு 2015இல் தொடங்கியது. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றின் நடுவே, வீட்டிலிருந்தே மருத்துவரைக் காண இ-சஞ்சீவனி வழிசெய்தது. நாட்கூலியை இழக்காத தொழிலாளிக்கும், காய்ச்சல்காரர் நடுவே கைக்குழந்தையோடு காத்திராத தாய்க்கும் இவை பெரும் உதவி. பழைய வரிசை மட்டும் தூயதாகவா இருந்தது? தெரிந்த கம்பவுண்டர் மூலம் உள்ளே போனவர்களும், பங்குத்தந்தையின் சிபாரிசுக் கடிதத்தோடு போனவர்களும் நம்முள் உண்டு. செயலி முகம் பார்ப்பதில்லை.

முகம் பார்க்காமையே சிக்கலும் ஆகிறது. பெஞ்சில் அமர்ந்த வரிசையில், யாரை முந்துகிறோம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. மயங்கிச் சரிபவரை முதலில் விடச் சொல்ல எவரேனும் இருந்தார். கைப்பேசியில் முந்தும்போது எவரையும் காண்பதில்லை. பொய் சொல்லவில்லை, திருடவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல ஏதுமில்லை. எனினும், காணாத அந்த ஒருவருக்கு நாம் கடன்பட்டவர்களா? பெத்சதாவில் முந்தி இறங்கியவர்களும் நோயாளர்களே. நற்செய்தி அவர்களைக் குற்றம் சாட்டவில்லை. ஆனால் பெருமான் சென்று பேசியது இறங்க இயலாதவரிடம். கப்பர்நாகூமில் கூரையைப் பிரித்து முடக்குவாதக்காரரை இறக்கிய நால்வரும் வரிசையைக் குலைத்தவர்கள்தாம். அவர்களிடம் அவர் கண்டதோ நம்பிக்கை. முறை என்பது நீதியின் ஒரு பகுதியே என்று எண்ணத் தோன்றுகிறது. வர இயலாதவரிடம் மருந்தே செல்லட்டும் என்று 2021 ஆகஸ்டில் நம் மாநிலம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியதும் இந்த எண்ணத்துக்கு அயலானதன்று.

நம் டோக்கனைப் பாட்டிக்குக் கொடுக்கலாமா என்ற நினைவு எழுந்தது. எழுந்ததைவிட விரைவாக அடங்கியது. நமக்கும் நெஞ்சில் வலி இருந்ததே! மருத்துவரைக் கண்டு வெளியே வந்தபோதும் அவர் அதே பெஞ்சில் இருந்தார். அருகில் அமர்ந்து, நம் கைப்பேசியிலேயே அவர் பெயரைப் பதிந்தோம். வயது கேட்டது. “தனுஷ்கோடிப் புயல் வந்தப்போ எனக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருந்தாங்க” என்றார். 1964இலிருந்து கணக்கிட்டு 78 என்று இட்டோம். மறுநாள் காலை 9.20க்கு இடம் கிடைத்தது.

எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அதை முந்தானையில் முடிந்துகொண்டு, முதல் பேருந்தில் வந்தால் போதுமா என்று கேட்டார்.