யாருடைய படம்?

டிஜிட்டல் புகைப்படம் என்பது கண்ணுக்குத் தெரிகிற படம் மட்டுமல்ல. அந்தக் கோப்புக்குள்ளேயே எழுத்தும் இருக்கிறது. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தக் கேமரா என்பதைக் கருவி தானே எழுதிக்கொள்கிறது. இதற்கு எக்சிஃப் என்று பெயர். இடம் காட்டும் வசதி திறந்திருந்தால் எடுத்த இடமும் பதிவாகிவிடும். இதற்கு மேல் மனிதர்கள் எழுதுவதற்கென்றே ஐ.பி.டி.சி. என்கிற பத்திரிகைத் துறை அமைப்பு வகுத்த கட்டங்கள் உண்டு: எடுத்தவர் பெயர், பதிப்புரிமை அறிவிப்பு, பயன்படுத்தும் நிபந்தனை. படத்தில் இருப்பவர் பெயருக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. இந்தக் கட்டங்களில் யார் பெயர் ஏறுகிறது, யார் பெயர் விடுபடுகிறது என்பது வெறும் தொழில்நுட்பச் சமாச்சாரமா? இல்லை. அதிகாரம் பற்றிய கேள்வி.

முதலில் எடுத்தவர் பக்கம் நின்று பேசுவோம். சேரியில் குடிசை எரிந்தால் முதல் படத்தை எடுப்பது பெரும்பாலும் அந்தச் சேரிப் பிள்ளைதான், கைப்பேசியில். அந்தப் படம் கை மாறி, ஊர் மாறி, பத்திரிகையில் வரும்போது கீழே ‘சிறப்பு ஏற்பாடு’ என்று போட்டிருக்கும். யாருடைய ஏற்பாடு? ஏரி வெட்டியவன் பேரு எந்தக் கல்வெட்டுல இருக்கு? உழைப்பை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுவது நமக்கு நடந்துவருகிற பழைய கதைதான்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவரே என்கிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. எடுத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. கட்டத்தில் பெயர் எழுதுவதால் உரிமை வருவதில்லை. எழுதினால் உரிமைக்குச் சாட்சி கிடைக்கிறது. 2012இல் செய்த திருத்தத்தில் 65பி என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். இப்படி எழுதிய உரிமைத் தகவலைத் தெரிந்தே, அனுமதியில்லாமல் அழித்தாலோ மாற்றினாலோ இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

ஆகவே எழுதுங்கள். பல கேமராக்களில் பெயரை ஒருமுறை பதிந்துவிட்டால் ஒவ்வொரு படத்திலும் தானே ஏறும். எடுத்த பிறகு எழுத எக்சிஃப்டூல் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த எழுத்தெல்லாம் உதிர்ந்துபோகும். ஆவணமாக அனுப்பினால் தங்கும். வழக்குக்குப் போக வேண்டிய படம் என்றால் மூலக் கோப்பில் கை வைக்கவே கூடாது. நகலில்தான் எழுத வேண்டும்.

இவ்வளவும் எடுத்தவருக்கான நியாயம். எடுக்கப்பட்டவளுக்கு? “என் மூஞ்சிய எடுத்துட்டுப் போய் நீ என்ன செய்யப் போற?” என்று ஒரு கிழவி கேட்டால் அந்தக் கேள்விக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் பதில் இல்லை. அதே சட்டத்தின் 17ஆவது பிரிவைப் பாருங்கள். காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, படம் காசு கொடுத்தவருக்குச் சொந்தம். மகள் கல்யாணத்துக்கு ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டு எடுத்த படம் அவளுடையது. மகள் செத்த அன்றைக்கு யாரோ வந்து எடுத்த படம் வந்தவருடையது. சிரிப்புக்கு உரிமை உண்டு, அழுகைக்கு இல்லையா? சொத்து என்கிற தராசு, காசு கொடுத்தது யார் என்று மட்டும்தான் எடை போடும்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1850இல் தென் கரோலினாவில் ரென்டி என்ற அடிமையையும் அவர் மகள் டெலியாவையும் வேறு சில அடிமைகளையும் ஆடை களைந்து நிறுத்திப் படம் எடுத்தார்கள். எடுக்கச் சொன்னவர் ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசி. கறுப்பர்கள் தனிப் பிறப்பு, தாழ்ந்த பிறப்பு என்று நிறுவுவது அவருடைய நோக்கம். ரென்டியின் வழிவந்தவர் என்று சொல்லும் தமாரா லனியர், படங்களைத் திருப்பிக் கேட்டு 2019இல் ஹார்வர்டு மீது வழக்குப் போட்டார். மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2022இல் என்ன சொன்னது? படத்தில் இருப்பதாலேயே படம் சொந்தமாகிவிடாது என்றது. ஆனால் அவருக்கு நேர்ந்த மன வேதனைக்காக வழக்கு நடத்தலாம் என்றது. கடைசியில் 2025இல் சமரசம் ஏற்பட்டு, அந்தப் படங்களைச் சார்ல்ஸ்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க ஹார்வர்டு ஒத்துக்கொண்டது. சட்டம் சொந்தம் தரவில்லை. அறம் பேசித்தான் படம் வெளியே வந்தது.

இது எங்கோ நடந்த கதை அல்ல. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நம் முன்னோர்களின் தலையை அளந்தார், மூக்கை அளந்தார், படம் எடுத்துப் போட்டார். 1909இல் ஏழு தொகுதிகள் வந்தன. தொகுதிகளின் மேல் தர்ஸ்டன் பெயரும் ரங்காச்சாரி பெயரும் உண்டு. உள்ளே பல படங்களுக்குக் கீழே சாதிப் பெயர் மட்டும்தான். நின்ற ஆளுக்கு அம்மா வைத்த பெயர் என்ன? எழுதியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. இன்றைய கோப்பில் காலியாகக் கிடக்கிற அந்தக் கட்டம் இந்த மரபின் மிச்சம்தான்.

அப்படியானால் எல்லாப் படத்திலும் எல்லோர் பெயரையும் எழுதிவிடலாமா? கூடாது. நமக்குப் பெயர் கௌரவமும்தான், ஆபத்தும்தான். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடுவது குற்றம். சாதி மாறிக் கல்யாணம் செய்து ஒளிந்து வாழ்கிற பிள்ளைகளின் படத்தில் இடக்குறிப்பு இருந்தால், அரிவாளோடு தேடுகிறவனுக்கு நாமே வழி காட்டினதாக ஆகும். பெயரை எழுதுவதா மறைப்பதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது படத்தில் இருப்பவர்தான், படம் எடுத்தவர் அல்ல.

“எரிகிற வீட்டு முன்னால நின்னு அனுமதி கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா தோழர்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முடியாது. எடுங்கள், அது சாட்சியம், வழக்குக்கு வேண்டும். ஆனால் வழக்கு வேறு, கண்காட்சி வேறு. புத்தக அட்டைக்கும், விருதுக்கும், நன்கொடை கேட்கும் துண்டறிக்கைக்கும் அந்த முகத்தைப் பயன்படுத்தும்போது அவசரம் ஒன்றும் இல்லை. நெருப்பு அணைந்துவிட்டது. திரும்பிப் போய்க் கேட்க நேரம் இருக்கிறது. நம் இயக்கங்களும் இதற்கு விலக்கு இல்லை.

இந்த இடத்தில் சட்டமே ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பாதுகாக்கப்பட்ட உரிமைத் தகவல் என்பதில் எடுத்தவர் பெயரும் உரிமையாளர் முகவரியும் மட்டுமல்ல, பயன்படுத்துவதற்கான நிபந்தனைகளும் அடங்கும் என்று அதே 2012 திருத்தம் சொல்கிறது. எடுத்தவர் மனசு வைத்தால், எடுக்கப்பட்டவளின் சொல்லை அந்தக் கட்டத்தில் ஏற்றலாம். ‘வழக்குக்கு மட்டும்’, ‘பெயர் போடக் கூடாது’, ‘குடும்பத்தைக் கேட்காமல் அச்சிடக் கூடாது’ என்று அவள் சொன்னபடியே தமிழில் எழுதலாம். அதைத் தெரிந்தே அழிக்கிறவன் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எடுத்தவர் கட்டத்தில் உங்கள் பெயரைத் தயங்காமல் எழுதுங்கள் தோழர். அது உங்கள் உழைப்பு. அடுத்த கட்டத்தை நிரப்புவதற்கு முன்னால் படத்தின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போங்கள். என்ன எழுதட்டும் என்று கேளுங்கள்.