நிறம் சொல்லும் பொய்

கடலில் பிடிபடுவதையும் அதன் உணவையும் அல்லாஹுத்தஆலா நமக்கு ஹலாலாக்கியிருப்பதை ஸூரத்துல் மாயிதாவின் 96ஆம் வசனம் அறிவிக்கின்றது. மீனை அறுக்க வேண்டியதில்லை. அறுத்தவர் யாரென்று விசாரிக்க வேண்டியதுமில்லை. இந்தச் சலுகையினாலோ என்னவோ, ஆட்டிறைச்சி வாங்கும்போது ஆயிரம் கேள்வி கேட்கும் நம் வீடுகளில், மீன் வாங்கும்போது ஷரீஅத்தின் பேச்சே எழுவதில்லை. பொருள் ஹலாலாயிருந்தால் போதும், விற்கும் முறை எப்படியிருந்தால் என்ன என்று எண்ணிவிடுகின்றோம்.

அம்பத்தூர் கடலோர ஊரன்று. காசிமேட்டில் இறங்கும் மீன் ஐஸ் பெட்டியில் ஏறித்தான் இங்கு வந்து சேர வேண்டும். இப்போது பிளாஸ்டிக் தட்டில் வைத்து மூடி ஒட்டிய மீனும் இறைச்சியும் கடைகளில் கிடைக்கின்றன. அந்தப் பொட்டலத்தினுள் வாயு அடைக்கிறார்களாமே, அது கூடுமா என்று சகோதரர்கள் கேட்கின்றனர். வாயுக்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. ஆகவே ஹுக்முகளும் வேறுபடும்.

முதலாவது, நைட்ரஜனும் கரியமில வாயுவும். இவை நாம் சுவாசிக்கும் காற்றிலேயே உள்ளவை. பொட்டலத்திலிருந்து பிராணவாயுவை வெளியேற்றிவிட்டு இவற்றை நிரப்பினால் பொருள் கெடுவது தாமதப்படும். உப்பிட்டுக் கருவாடாக்குவதும் ஐஸில் வைப்பதும் போன்றதே இதுவும். இதில் தடையேதுமில்லை.

இரண்டாவது, கார்பன் மோனாக்ஸைடு. இது இறைச்சியிலும் சூரை போன்ற மீன்களிலும் உள்ள செந்நிறப் பொருளுடன் ஒட்டிக்கொண்டு, செக்கச்செவேலென்ற நிறத்தை நாட்கணக்கில் நிலைக்கச் செய்கிறது. உள்ளே சதை கெட்டாலும் வெளியே நிறம் மாறாது. அமெரிக்க அரசு 2004இல் இறைச்சிப் பொட்டலங்களில் ஆயிரத்தில் நான்கு பங்கு அளவுக்கு இதற்கு இடமளித்தது. ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் அனுமதிக்கவில்லை.

மூன்றாவது, பார்மலின். பார்மால்டிஹைடு என்னும் வாயுவை நீரில் கரைத்தால் கிடைப்பது அது. மையித்துகள் அழுகாதிருக்க மருத்துவக் கல்லூரிகளில் பயன்படுத்துவது. அந்த வாயு புற்றுநோய் உண்டாக்கவல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் தீர்மானித்தது. உணவில் இதைச் சேர்க்க நம் நாட்டுச் சட்டம் இடந்தரவில்லை. எனினும் 2018 ஜூன் மாதம், செங்கோட்டைக்கு அப்பால் உள்ள ஆரியங்காவு சோதனைச் சாவடியில் பார்மலின் கலந்த மீன் ஏறக்குறைய 9,600 கிலோ பிடிபட்டது. அடுத்த மாதமே சென்னைச் சந்தைகளின் மாதிரிகள் சிலவற்றிலும் அது இருந்ததாகச் செய்தி வந்தது. தனக்கோ பிறருக்கோ தீங்கிழைத்தல் கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதி. ஆதலால் சொல்லி விற்றாலும், சொல்லாமல் விற்றாலும் இது கூடாது.

சிந்திக்க வேண்டியது இரண்டாவது வகையே. "அந்தச் சொற்ப அளவு வாயுவினால் யாருக்கும் நோய் வருவதில்லை என்கிறார்களே, நிறம் அழகாயிருப்பதில் என்ன குற்றம்? வீட்டை விற்பவன் வெள்ளையடித்து விற்பதில்லையா?" என்று கேட்கலாம்.

வெள்ளையடித்த சுவரைப் பார்த்து யாரும் வீட்டின் வயதைக் கணிப்பதில்லை. ஆனால் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கும் நம் தாய்மார்கள் அழகையா பார்க்கிறார்கள்? அந்த நிறம், பொருளைப் பற்றி அல்லாஹ் அதனுள்ளேயே வைத்திருக்கும் ஒரு சாட்சி. அதை மாற்றுவது சாட்சியைக் கலைப்பதாகும்.

இதற்கு முன்மாதிரி நம் கிதாபுகளிலேயே உண்டு. ஒட்டகத்தையோ ஆட்டையோ விற்க நினைப்பவன் சில நாட்கள் பால் கறக்காமல் மடியைக் கட்டி வைப்பான். வாங்குபவன் மடி பருத்திருப்பதைக் கண்டு ஏமாறுவான். இதற்கு 'முஸர்ராத்' என்று பெயர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். வாங்கியவர் விரும்பினால் ஒரு ஸாவு பேரீச்சம்பழத்துடன் அதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் அறிவித்தார்கள். திருப்பிக் கொடுப்பதில் ஷாபிஈ, ஹனபி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு; ஏமாற்றுவது ஹராம் என்பதில் வேறுபாடில்லை. கவனியுங்கள்! அந்தப் பாலில் நஞ்சில்லை, ஆடும் நோயுற்றதன்று. வாங்குபவரின் கண்ணை ஏமாற்றியது மட்டுமே குற்றம்.

நிறத்தை உண்மைக்கும் பயன்படுத்தலாம். உண்ணத் தகாத ஐஸுக்கு நீலநிறம் ஏற்ற வேண்டுமென்று 2018இல் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் உத்தரவிட்டனர். ஒரு நிறம் குறையைக் காட்டுகிறது; மற்றொன்று மறைக்கிறது. நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் வைத்திருந்த வியாபாரியிடம், மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதும் இதே கருத்தில்தான். நனைந்ததை விற்காதே என்று அவர்கள் சொல்லவில்லை; மறைக்காதே என்றே சொன்னார்கள்.

ஆகவே, மீன் கடையோ இறைச்சிக் கடையோ வைத்திருக்கும் நம் சகோதரர்கள் ஒன்றை நினைவிற்கொள்வார்களாக! பெயர்ப் பலகையில் 'ஹலால்' என்று எழுதினால் கடமை தீர்ந்துவிடாது. குளிர்பெட்டியில் பல நாள் கிடந்து ஐஸ் விட்ட மீனை "இன்று வந்தது" என்று விற்பதும் முஸர்ராத்தின் இனமே. "இது நேற்றையது, விலை குறைவு" என்று சொல்லி விற்றால் இலாபம் சற்றுக் குறையலாம். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிக்கப்படும் என்பது நபிமொழியின் கருத்தல்லவா?

வாங்கும் நமக்கும் இதில் பங்குண்டு. நாள் பட்டதென்று உண்மை சொல்பவரிடம் முகஞ்சுளித்துவிட்டு, சிவப்பாய்க் காட்டுபவரிடம் பணத்தை நீட்டினால், பொய்க்கு விலை நிர்ணயிப்பவர் நாமே. உண்மை சொல்லும் கடைக்காரரைத் தேடிச் சென்று வாங்குவதும் நன்மைக்குத் துணை நிற்பதுதான்.

ஹலாலான பொருளை ஹலாலான முறையில் விற்கவும் வாங்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.