அந்த மனுஷன் எங்கே?



இந்த மாதம் கொஞ்சம் வெளிப்படையாய்ப் பேச வேண்டியிருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்க்கிற ஒரு வாலிப சகோதரன், ஜெபக்கூட்டம் முடிந்ததும் கேட்டான்: "ஏனுங்க ஐயா, விபசாரம் குற்றமில்லைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிப்போட்டாங்களே, இனி அதைப் பத்தி பிரசங்கம் பண்ணுனா எடுபடுமுங்களா?" கேலியாய்க் கேட்கவில்லை, மெய்யாகவே கேட்டான். மெய்யான பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

கோர்ட் சொன்னது உண்மைதான். ஆனால் எந்தச் சட்டத்தை எடுத்தார்கள் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வெள்ளைக்காரன் 1860-ல் கொண்டுவந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 497 என்று ஒரு பிரிவு. அடுத்தவன் மனைவியோடு, அந்தப் புருஷனுடைய சம்மதம் இல்லாமல் உறவு வைத்தவனுக்கு ஐந்து வருஷம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். கவனியுங்கள், புருஷன் சம்மதித்தால் குற்றமே இல்லை! புகார் கொடுக்கிற உரிமையும் அந்தப் புருஷனுக்குத்தான். வழிதப்பிப் போனவனுடைய சொந்த மனைவி, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று அழுதாலும், இந்தப் பிரிவில் அவளுக்கு வழியில்லை. கலியாணமான ஒருவன் விதவையோடு போனாலும், கலியாணமாகாத பெண்ணோடு போனாலும் இது அவனைத் தொடாது. பக்கத்துத் தோட்டத்தில் மாடு புகுந்து மேய்ந்தால் தோட்டக்காரர்தானே பிராது கொடுப்பார்? அதே கணக்கு. மனைவியைத் தோட்டமாக எண்ணின சட்டம் அது.

2018 செப்டம்பர் 27-ந் தேதி, ஜோசப் ஷைன் என்பவர் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையில் ஐந்து நீதிபதிகள் அதை ரத்து செய்தார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது திரும்ப இடம்பெறவில்லை. அதே தீர்ப்பில், விவாகரத்துக்கு இது இன்னும் ஒரு காரணமாகும் என்றும் சொன்னார்கள். ஊருக்குள் பாதிச் செய்திதான் வந்து சேர்ந்தது. அது எப்போதும் அப்படித்தான்.

அந்தச் சட்டம் போனதற்காக நான் துக்கம் கொண்டாடவில்லை. மனைவியின் சரீரத்தின்மேல் புருஷனுக்கு அதிகாரம் உண்டு என்று எழுதின பவுல் அப்போஸ்தலன், அதே வசனத்தில் புருஷனுடைய சரீரத்தின்மேல் மனைவிக்கும் அதே அதிகாரத்தைக் கொடுத்துவிட்டார் (1 கொரி. 7:4). 497-ஐ எழுதினவர்கள் அதில் முதல் பாதியை மட்டும் வாசித்தவர்கள் போலிருக்கிறது! நம் கிறிஸ்தவ விவாகரத்துச் சட்டமும் லேசுப்பட்டதல்ல. 1869-ல் வந்த அந்தச் சட்டத்தில், புருஷன் விவாகரத்து கேட்க மனைவியின் விபசாரம் ஒன்றே போதும். மனைவி கேட்டாலோ விபசாரம் போதாது, அதோடு கொடுமை செய்தான், கைவிட்டான் என்று இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். 2001-ல்தான் அதைத் திருத்தி இருவருக்கும் சமமாக்கினார்கள். 132 வருஷம்!

யோவான் 8-ம் அதிகாரத்துக்கு வாருங்கள். விபசாரத்தில் கையும் மெய்யுமாய்ப் பிடித்தோம் என்று ஒரு ஸ்திரீயை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். கையும் மெய்யுமாய்ப் பிடித்தீர்களே, அந்த மனுஷன் எங்கே? மோசேயின் பிரமாணம் இரண்டு பேரையும் அல்லவா சொல்லுகிறது (லேவி. 20:10)? அவன் எந்தச் சந்து வழியாய் ஓடினான்? இல்லை, கல்லோடு நின்ற கூட்டத்துக்குள்ளேயே நின்றானா?

இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. நம் சபைகளிலும் ஒரு 497 இருக்கிறது. ஒரு சகோதரியின் பெயர் கெட்டால் திருவிருந்து நிறுத்தப்படுகிறது, பாடகர் குழுவிலிருந்து பெயர் எடுபடுகிறது, மாதர் கூட்டத்தில் பாயில் பக்கத்தில் உட்கார ஆளில்லை. ஒரு சகோதரனுடைய காரியம் தெரிந்தாலோ, "அவர் பாவம், சோதனையில விழுந்துட்டாரு, ஜெபம் பண்ணுவோம்" என்கிறோம். அடுத்த ஞாயிறே அவர் காணிக்கைப் பை பிடித்துக்கொண்டு வருகிறார். அவருடைய மனைவி கண்ணீரோடு ஊழியக்காரர் வீட்டு வாசலுக்கு வந்தால், "பொறுத்துக்கம்மா, கர்த்தர் மாத்துவார்" என்று ஒரே வரியில் அனுப்பிவிடுகிறோம். கர்த்தர் மாற்றுவார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவனைக் கூப்பிட்டு விசாரிக்கிற வேலை யாருடையது? சகோதரியே, அவன் கைநீட்டி அடிக்கிறான் என்றால் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம். 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உனக்காகத்தான் இருக்கிறது. 181 என்ற எண்ணுக்குப் போன் பண்ணலாம். அது அவிசுவாசமல்ல.

இனி அந்தத் தம்பியின் கேள்வி. நம் கோயம்புத்தூரிலேயே 2019-ல் நடந்தது. கலியாணமாகாத ஒரு ஜோடி தங்கியிருந்தார்கள், அறையில் மது பாட்டிலும் இருந்தது என்று ஒரு விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். கலியாணமாகாத இருவர் ஓர் அறையில் தங்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை என்று சொல்லி, சென்னை உயர்நீதிமன்றம் சீலை எடுக்க உத்தரவிட்டது. "கலி முத்திப்போச்சு" என்று நம்மில் சிலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். தாசில்தார் கதவுக்குத்தான் சீல் வைக்க முடியும். இருதயத்துக்கு முத்திரை போட பரிசுத்த ஆவியானவர் ஒருவரால்தான் ஆகும் (எபே. 1:13). அந்த முத்திரை இருக்கிறவனுக்கு காந்திபுரத்து லாட்ஜ் கதவு திறந்திருந்தால் என்ன, பூட்டியிருந்தால் என்ன?

போத்திபாரின் வீட்டில் யோசேப்பைப் பாருங்கள் (ஆதி. 39). வீட்டு மனுஷர் ஒருவரும் அங்கே இல்லை. சீனாய் மலையும் பத்துக் கட்டளைகளும் அவன் காலத்துக்கு வெகு பின்னால் வருகிறவை. அவன் கையில் எழுதப்பட்ட பிரமாணம் ஒன்றுகூட இல்லை. ஊர் விட்டு ஊர் வந்து, சொந்த ஜனம் யாரும் பார்க்காத இடத்தில் வேலை செய்கிற வாலிபன். நம் மில் குவார்ட்டர்ஸ் பையன்களைப் போலவே. ஆனாலும் இது தேவனுக்கு விரோதமான பாவம் என்று அவன் அறிந்திருந்தான். வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். 497 இருந்த நாளிலும் நான் அதைக் காட்டிப் பிரசங்கித்தது கிடையாது.

கடைசியாக, அந்த மனுஷனிடம் பேசுகிறேன். இந்தப் பத்திரிகை உன் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. உன் செல்போனைக் கவிழ்த்து வைக்கிற பழக்கம் உன் மனைவிக்குத் தெரியாது என்று நினைக்கிறாயா? அன்றைக்கு அந்த ஸ்திரீ இயேசுவின் முன் நின்றபடியால், தண்டனைக்குப் பதிலாக மன்னிப்பையும், இனிப் பாவஞ்செய்யாதே என்கிற வார்த்தையையும் கேட்டுக்கொண்டு போனாள். ஒளிந்துகொண்ட நீ இரண்டையும் கேட்காமல் போனாய். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வா. கூட்டத்துக்கு முன்னால் உன்னை நிறுத்தமாட்டேன். ஜெப அறையில் நீயும் நானும் ஆண்டவரும் மாத்திரம். அதற்கு முன் அந்த நம்பரை அழித்துவிட்டு வா. ஜெபம் முடிந்ததும் உன் வீட்டுக்கு இருவரும் சேர்ந்து போவோம். உன் மனைவியிடம் நீயே சொல்ல வேண்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.