தொலைவு என்பது எது?



மேலநீலிதநல்லூரிலிருந்து சங்கரன்கோவில் நோக்கிச் செல்லும் சாலையில், டிசம்பர்த் திங்களின் நண்பகலில் நடந்து பாருங்கள். விடியலில் சற்றுக் குளிரும்; ஞாயிறு உச்சிக்கு ஏறிவிட்டாலோ சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பனி பெய்து நிலம் வெளுப்பது என்பது இந்த வட்டாரத்து மக்கள் கேள்விப்பட்ட செய்தியேயன்றிக் கண்ட காட்சியன்று. ஆயினும், இங்கு வந்து சேரும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையிலே பனி பொழிகிறது! கலைமான் வண்டி இழுக்கிறது! வியர்வையைத் துடைத்தபடியே அந்தப் பனியைப் பார்த்து மகிழ்கிறோம்.

அந்தப் பனி இங்கு எப்படி வந்தது? குளிர்நாட்டிலே பிறந்து, பிழைப்புக்காகவோ, ஆட்சிக்காகவோ, சமயம் பரப்பவோ வெப்பநாட்டுக்கு வந்த மனிதர்களின் ஏக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த ஏக்கத்தை எள்ளி நகையாட நான் எழுதவில்லை. அதனுள்ளே ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. அதை எடுத்துக் காட்டவே எழுதுகிறேன்.

ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து திருநாளைக் கழிப்பவன் எதை இழக்கிறான்? இறைவனையா? அவர் எங்கும் நிறைந்தவர் என்பது அவனுடைய நம்பிக்கை. எனவே அந்த இழப்பு அவனுக்கு இல்லை. வேதநூலையா? அது அவன் பெட்டியிலே இருக்கிறது. பின் ஏன் கண் கலங்குகிறது? தாயின் குரல் இல்லை. உடன்பிறந்தாரின் சிரிப்பு இல்லை. இலை போட்டு, "உட்கார்" என்று சொல்ல ஆள் இல்லை! பக்தனின் கண்ணீரே சான்று கூறுகிறது, திருநாளின் உயிர் மனிதரிடத்திலே இருக்கிறது என்று.

வழக்கங்களோ மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஏசு பிறந்த நாள் இன்னது என்று விவிலியத்தின் நற்செய்தி நூல்கள் கூறவில்லை. டிசம்பர் 25 என்பதனை 354-ஆம் ஆண்டின் ரோமாபுரி நாட்காட்டியிலே காண்கிறோம். அச்சிட்ட வாழ்த்து அட்டை லண்டனில் தோன்றியது 1843-இல்தான். தொன்றுதொட்டு வந்தது என்று எண்ணி ஏங்கப்படும் பலவும், பாட்டன் காலத்திலே புகுந்தவையாக இருக்கும்.

இந்த நெல்லைச் சீமைக்கே வருவோம். அயர்லாந்திலே பிறந்த கால்டுவெல், 1838-இல் சென்னையில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 23. பின்னர் தெற்கே, தேரி மணலும் பனைமரமும் சூழ்ந்த இடையன்குடி அவருடைய ஊராயிற்று. இடையிலே தாய்நாடு சென்று மீண்டதுண்டு. ஆயினும் வாழ்நாளின் பெரும்பகுதி இங்கேதான். 1891-இல் கோடைக்கானலில் மறைந்தார். உடலை இடையன்குடிக்கே கொண்டுவந்து புதைத்தனர்.

அவருங்கூடத் தொடக்கத்திலே அயலான் கண்கொண்டுதான் பார்த்தார். 1849-இல் அவர் வெளியிட்ட நூல் ஒன்று, தம்முடன் வாழ்ந்த பனையேறும் மக்களையே தாழ்த்திப் பேசிற்று. அந்த மக்கள் பின்னாளில் அதனைக் கண்டித்து எழுந்தனர். அதே கால்டுவெல்தான் 1856-இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை உலகுக்கு அளித்தார். தொலைவிலிருந்து வந்தவனுக்கு இரண்டு வழிகள் உண்டு: தன் ஊரை அளவுகோலாக்கி வந்த ஊரை அளப்பது ஒன்று; வந்த ஊரிடம் கற்றுக்கொள்வது மற்றொன்று. ஒரே மனிதர் இரண்டிலும் நடந்தார். இன்று அவரை நாம் நினைப்பது இரண்டாவதற்காக!

இனி, இதே நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்துக்கு வாருங்கள். அங்கே 1872-இல் எழுந்த கத்தோலிக்கத் தேவாலயத்திலே, சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து வைத்தார்கள். ஆண்டவர் ஒருவர், பலிபீடம் ஒன்று, ஆனால் இடையிலே சுவர்! கிறிஸ்துமஸ் நாளன்று மணி ஒலிக்கும். ஒரே ஊரிலே பிறந்து, ஒரே தமிழ் பேசி, ஒரே மழைக்கு ஏங்கியவர்கள் சுவரின் இருபுறமும் மண்டியிடுவார்கள். கடல் கடந்து வந்த பாதிரியாருக்கு அங்கே முதலிடம் உண்டு; அடுத்த தெருக்காரனுக்கோ அண்டை இடமும் இல்லை!

சொல்லுங்கள் தோழர்களே, அந்தத் திருநாளில் வீட்டைவிட்டுத் தொலைவில் இருந்தவன் யார்? ஐரோப்பாவிலிருந்து வந்தவனா? சுவருக்கு அப்பால் நின்ற உள்ளூரானா?

அந்தச் சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. இடிக்கச் செய்தவர், பிரான்சு நாட்டிலிருந்து வந்த கௌசானல் அடிகளார். உயர்ந்தவர் எனத் தம்மைக் கருதிக்கொண்டோர் நீதிமன்றம் ஏறினர். சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றும் அவர்கள் கோரிக்கை நிறைவேறவில்லை. அயல்நாட்டார் எல்லோரும் இப்படியே நடந்தனர் என்று மயங்க வேண்டாம். அந்தப் பிரிவினைக்கு முன்பு இடங்கொடுத்தவர்களும் கடல் கடந்து வந்த பாதிரிமார்களே! தொலைவு ஒருவனுக்குக் கண்ணைத் திறக்கும் வாய்ப்பைத் தருகிறது. திறப்பதும் மூடிக்கொள்வதும் அவன் நெஞ்சுரத்தைப் பொறுத்தது.

இந்தக் கேள்வி இன்று நம் வீட்டு வாயிலிலேயே நிற்கிறது. கரிசல் நிலம் கைவிட்டதால், நம் இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். பொங்கலன்று விடுதி அறையிலே தனித்துக் கிடப்பவனை, ஒரு மலையாளியோ, ஒரு வங்காளியோ, ஒரு பிலிப்பைன்ஸ்காரனோ அழைத்துத் தன் தட்டிலிருந்து பகிர்ந்து கொடுக்கிறான். அவனுடைய குலம் என்ன என்று இவன் கேட்பதில்லை; இவனுடைய குலத்தை அவனும் கேட்பதில்லை. பசித்தவனுக்குச் சோறு, தனித்தவனுக்குத் துணை. அவ்வளவுதான்!

அப்படி உண்டவன் ஊர் திரும்புகிறான். பேருந்திலிருந்து இறங்கி, எந்தத் தெருவுக்குள் எவன் வரலாம், எந்தப் பந்தியில் எவன் அமரலாம் என்ற பழைய கணக்கைத் தானும் ஒப்புக்கொள்கிறானென்றால், அவன் சென்றுவந்த ஆயிரம் கல் பயணத்தால் பயன் என்ன? அயலூரிலே மனிதனாக வாழ்ந்தவன், சொந்த ஊரிலே சாதிக்காரனாகச் சுருங்கலாமா?

பகுத்தறிவாளன் பண்டிகை வீட்டுக்குப் போகலாமா என்று சிலர் கேட்கின்றனர். தாராளமாகப் போகலாம்! கிறிஸ்தவ நண்பன் அழைத்தால் அவனோடு அமர்ந்து உண்ணலாம். அவன் தொழுகையிலே பங்குகொள்ள வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. ஆனால், பந்தியிலே அமருமுன் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். இங்கே இருக்கவேண்டியவன் எவனாவது வெளியிலே நிற்கிறானா? நின்றால், அவனை அழைத்து வந்து பக்கத்திலே அமர்த்துங்கள். மறுத்தால், நீங்களும் எழுந்துவிடுங்கள். இலை காத்திருக்கட்டும்!