விழுந்தவன் எந்த முகத்தோடு ஆலயத்துக்கு வருவது?

கிளிநொச்சியில் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னர், ஒரு தாய் மட்டும் ஆலய வாசலில் காத்து நின்றார். "சுவாமி, இவர் ஆவணித் திருநாளுக்கு மடுவுக்குப் போய், மாதாவுக்கு முன்னாலை சத்தியம் பண்ணினவர். மூண்டு மாதம் தொடேல்லை. போன கிழமை திரும்பவும் குடிச்சிட்டு வந்து விழுந்து கிடந்தார். இப்ப கோயிலுக்குக் கூப்பிட்டால், எந்த முகத்தோடை வாறதெண்டு கேக்கிறார். இவரிட்டை விசுவாசம் இல்லையோ? இல்லாட்டி மாதா கைவிட்டிட்டாவோ?"

அன்பார்ந்த வாசகர்களே, இக்கேள்வி அந்த ஒரு வீட்டின் கேள்வி மாத்திரம் அன்று. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்து, அகதி முகாம்களிலிருந்து வன்னி மண்ணுக்கு மீண்ட எத்தனையோ வீடுகளில் இது ஒலிக்கிறது. இழந்தவர்களை நினைத்து உறக்கம் வராதவன் சாராயத்தை நாடினான். காசில்லாதவன் கசிப்பை நாடினான். இன்று அவர்களுடைய பிள்ளைகளைக் கஞ்சாவும் 'ஐஸ்' என்னும் போதைப்பொருளும் தேடி வருகின்றன.

இத்தகையோரைப் பற்றி நாம் இரண்டு தீர்ப்புக்களை எளிதாகச் சொல்லிவிடுகிறோம். "உண்மையான விசுவாசம் இருந்தால் திரும்ப விழுந்திருக்க மாட்டான்" என்பது ஒன்று. "இது வெறும் வியாதி, வைத்தியர் பார்க்கட்டும், கோயிலுக்கு இதில் என்ன வேலை?" என்பது மற்றது. முதலாவது தீர்ப்பு மனிதனை நசுக்குகிறது. இரண்டாவது அவனுடைய ஆன்மாவை மறந்துவிடுகிறது.

தாம் விரும்பும் நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்வதாக உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் புலம்பியவர் விசுவாசம் அற்றவர் அல்லர்; திருத்தூதர் பவுல் அடிகளே அவர். தம்மைக் கட்டி வைத்திருந்த விலங்கு பிறர் பூட்டியதன்று, தமது சொந்த விருப்பமே நாளடைவில் விலங்காக இறுகிற்று என்று புனித அகுஸ்தீனார் தம் வாழ்வைத் திறந்துரைத்தார். 1992இல் வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி ஏடும், பழக்கமும் கட்டுமீறிய பற்றுதலும் ஒருவனுடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று போதிக்கிறது. குறைக்கக்கூடும் என்பதனால் பொறுப்பே இல்லையென்று ஆகிவிடாது. நோயும் பாவமும் பின்னிக் கிடக்கும் இவ்விடத்தில் விசுவாசம் என்ன செய்கிறது? இரண்டு மனிதருடைய வாழ்வு இதற்கு விடை தருகிறது.

ஒருவர் அயர்லாந்தின் டப்ளின் நகரத்துக் கூலித்தொழிலாளியான மற் தல்பொட். 1856இல் பிறந்த இவர், பன்னிரண்டு வயதில் மதுப்போத்தல்கள் நிரப்பும் இடமொன்றில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே குடிக்கப் பழகினார். 1884இல் ஒருநாள் கையில் காசில்லாமல் மதுக்கடையருகே நின்றார். நெடுநாள் கூடிக் குடித்த தோழர்களில் ஒருவரும் அவரை உள்ளே அழைக்கவில்லை. அன்றே குருவானவரிடம் சென்று குடிப்பதில்லையென வாக்குக் கொடுத்தார். எவ்வளவு காலத்துக்கு? மூன்று மாதத்துக்கு மாத்திரம்! பின்பு அதனைப் புதுப்பித்து, ஈற்றில் வாழ்நாள் முழுவதற்கும் ஆக்கினார். விடியற்காலைத் திருப்பலியும் செபமுமே அவருக்கு ஊன்றுகோல். பழைய கடன்களையெல்லாம் தேடித் தேடி அடைத்தார். 1925இல் திருப்பலிக்குச் செல்லும் வழியில் தெருவில் விழுந்து இறக்கும்வரை, நாற்பத்தொரு ஆண்டுகள் அவர் மதுவைத் தொடவில்லை. 1975இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

மற்றவர் சீன தேசத்து வைத்தியரான மாற்கு ஜி தியன்சியாங். ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்த இவர், தமது வயிற்று நோய்க்கு அபினை மருந்தாக உட்கொள்ளப்போய் அதற்கே அடிமையானார். பாவசங்கீர்த்தனத்தில் திரும்பத் திரும்ப அதே பாவத்தைச் சொன்னார். திருந்தும் மனம் இல்லையென்று கருதிய குருவானவர், விட்டபின் வா என்று பாவமன்னிப்பை மறுத்துவிட்டார். போதைப்பழக்கம் ஒரு நோயும்கூட என்பதை அக்காலத்தவர் அறிந்திலர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் பாவமன்னிப்பின்றி, நற்கருணையின்றி இருந்தார். ஆயினும் அவர் ஆலயத்தை விடவில்லை; செபத்தை விடவில்லை. 1900ஆம் ஆண்டின் கலகத்தில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டபோது, தம் குடும்பத்தாருள் ஒருவரும் தனியே சாகக்கூடாதென்று, எல்லாருக்கும் கடைசியில் தம்மைக் கொல்லும்படி கேட்டு, விசுவாசத்துக்காக உயிர் துறந்தார். 2000ஆம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

ஒருவரைப் போதை விட்டது; மற்றவரை அது விட்டதாக அறியோம். இருவரையும் திருச்சபை தன் பிள்ளைகள் என்று உயர்த்திக் காட்டுகிறது. ஆகவே குடியாத நாட்களை எண்ணி விசுவாசத்தை அளப்பது தவறு. விழாதிருப்பது வரப்பிரசாதம், விழுந்த பின்னரும் கடவுளிடம் திரும்பி வருவதும் வரப்பிரசாதமே.

அப்படியாயின் விழுந்துகொண்டே இருக்கலாமோ என்று சிலர் கேட்பர். இல்லை. மன்னிப்பு வேறு, அனுமதி வேறு. அடிபடும் மனைவி பொறுத்துக்கொள்ளவேண்டுமென்று நற்செய்தி கூறவில்லை. பிள்ளைகளையும் வீட்டுக் காசையும் அவள் காப்பது அன்புக்கு விரோதமன்று. மனம் திரும்புகிறவனும் மற் தல்பொட்டைப்போலக் கடனை அடைக்கக் கடமைப்பட்டவன்.

விசுவாசம் மருந்துக்குப் பகையுமன்று. நெடுங்காலம் மிதமிஞ்சிக் குடித்தவர் சத்தியம் பண்ணிவிட்டுச் சடுதியாக நிறுத்தினால், இரண்டொரு நாளில் கைநடுக்கமும் வலிப்பும் மதிமயக்கமும் உண்டாகலாம்; உயிருக்கே ஆபத்து நேரலாம். அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், அதுவும் செபமே. 1935இல் அமெரிக்காவில், குடிக்கு அடிமையான இருவர் ஒருவருக்கொருவர் துணைநின்று தொடங்கிய 'அல்ககோலிக்ஸ் அனொனிமஸ்' இயக்கம், தன் பலத்தால் இயலாதென்று ஒப்புக்கொள்வதையே முதற்படியாக வைத்தது. அதன் படிகளுக்கும் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளுக்கும் உள்ள உறவைச் சேசு சபைக் குரு எட்வேட் டௌலிங் கண்டுகொண்டார். ஆகவே வாழ்நாள் முழுவதற்குமான சத்தியத்துக்கு அவசரப்பட வேண்டாம். இன்றைய ஒரு நாளுக்கு வாக்குக் கொடுத்து, நாளைக்கு அதனைப் புதுப்பிக்கட்டும்.

இனி நம்மைப் பற்றி ஒரு சொல். நத்தாருக்கும் கலியாணவீட்டுக்கும் போத்தல் வாங்கி வைத்து, வேண்டாமென்றவனையும் "இண்டைக்கு ஒருநாள் தானே" என்று இழுத்து இருத்துகிறவர்கள் யார்? மறுநாள் அவன் தெருவில் கிடக்க, முகத்தைத் திருப்பிக்கொண்டு பூசைக்குப் போகிறவர்கள் யார்? அவன் எந்த முகத்தோடு வருவது என்று தயங்குவது கடவுளுடைய முகத்துக்கு அஞ்சியோ, நம்முடைய முகங்களுக்கு அஞ்சியோ என்பதை ஒவ்வொரு பங்கும் சிந்திக்க வேண்டும்.

அந்தத் தாயிடம் நான் கூறியது இதுவே: "பிள்ளை, 2008ஆம் ஆண்டு சித்திரையில் மடு மாதாவின் சுரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது, ஆவணியில்தான் மடுவுக்குத் திரும்பியது. எங்களோடு அலைந்த தாய், விழுந்த பிள்ளையை விட்டுப் போகமாட்டா. அந்த மூன்று மாதமும் பொய்யில்லை. வாற ஞாயிறு அவரைக் கூட்டிக்கொண்டு வா. முன்வாங்கில் இருக்க வெட்கமென்றால், பின்வாங்கில் இருக்கட்டும்."